அந்தப் பக்கம் படம் வரல

இல்லம்மா, மேல வைக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். கனம்தான், ஆனா பரவாயில்ல. மேல வச்சா ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கித் தூக்கிப் போடும். கண்டக்டர் சொன்னாரு, இன்ஜின் மேல வச்சுக்குங்கன்னு. இன்ஜின் சூடு இதுக்கு ஆகுமா? சூடு ஆகவே ஆகாதுன்னு ஜஸ்டின் சொல்லியிருக்கான். நீங்க கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளிக்கிட்டீங்கன்னா போதும்.

கம்ப்யூட்டர்தான். டிவி மாதிரி இருக்குமே, அது வீட்ல இருக்கு. இது சிபியூ. எல்லாமே இதுக்குள்ளதான் இருக்காம். வைரஸும் இதுக்குள்ளதான். தூசி போகக் கூடாதுன்னு துண்டு போட்டுச் சுத்தியிருக்கேன். தூசிக்கும் வைரஸுக்கும் சம்பந்தமே இல்லைங்கிறாங்க. இருந்தாலும்.

திருச்சிக்குத்தான் போறேன். ஜங்ஷன் பக்கத்துல ஒரு கடை இருக்காம், அறந்தாங்கியில, புதுக்கோட்டையில எல்லாம் கைவிட்ட பெட்டிய அவங்க சரி பண்ணிடுவாங்களாம். உங்க கையில இருக்கிறதும் கம்ப்யூட்டர் பைதானே? ஏறும்போதே பார்த்தேன். அதான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஒண்ணு கேக்கணும். இருங்க, முதல்லேருந்து சொல்லிட்டுக் கேக்கிறேன். இல்லைன்னா புரியாது.

எங்க வீட்டுக்காரரு வெளிநாட்டுல இருக்காரு. பெரிய கட்டட கம்பெனி, ஸ்டோர்ல வேலை. ஸ்டோர்னா கடை இல்ல. கம்பி, சிமெண்டு, பைப்பு எல்லாம் வந்து இறங்குற இடம். எது எங்க இருக்குன்னு இவருக்குத்தான் தெரியும். லீவுல வந்தா பதினஞ்சு நாள் எங்கூட, பதினஞ்சு நாள் தம்பி வீட்டு வேலைன்னு ஓடிட்டுத் திரும்பிடுவாரு. எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல. ஒரே காம்பவுண்டுல அவரு தம்பி தங்கராசும் இருக்கான், அவன் பொண்டாட்டி அமுதா, மக வினோதினி. வினோதினி காலேஜ் படிக்குது.

போன தடவை வந்தப்பதான் இதை வாங்கி வச்சாரு. "திலகா, இனிமே போன்ல ஹலோ ஹலோன்னு கத்த வேண்டாம், முகத்தைப் பார்த்தே பேசலாம்"னாரு. எனக்கு முதல்ல கூச்சமா இருந்துச்சு. சாயங்காலம் அவருக்கு வேலை முடிஞ்சதும் கூப்பிடுவாரு. நான் முகம் கழுவி, வேற புடவை மாத்திட்டு வந்து உக்காருவேன். அமுதா கேலி பண்ணுவா, பொண்ணு பார்க்கவா வர்றாங்கன்னு. அவரு சாப்பிடுறதப் பார்ப்பேன். தட்டைத் தூக்கிக் காட்டுவாரு, இன்னைக்கு நான் வச்ச ரசம்னு. கூட இருக்கிற மணமேல்குடிக்காரர் ஹாஜா மைதீன் பின்னாடி நின்னு கையாட்டுவாரு. அந்த ரூம்ல என்ன இருக்கு, எங்க இருக்குன்னு எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு நாள் போர்வை மாறியிருந்துச்சு, அதைக்கூட கேட்டேன்.

அப்படி நல்லாத்தான் போய்ட்டிருந்துச்சு. அப்புறம்தான் இந்தச் சனியன் வந்துச்சு.

வினோதினி காலேஜ்லேருந்து பென்டிரைவ் கொண்டு வந்து சொருகிச்சு, பெரியம்மா ஒரு அசைன்மெண்ட் இருக்குன்னு. மறுநாள் பார்த்தா உள்ள இருந்த எல்லாத்துலயும் ஒரு சின்ன அம்புக்குறி. அவரு அனுப்பின போட்டோ ஒண்ணும் தொறக்கல. நான் அழுதுட்டேன். கடைவீதியில ஜஸ்டின்னு ஒரு தம்பி கடை வச்சிருக்கான், அவன் வந்து பார்த்துட்டு, "வைரஸ்க்கா. பென்டிரைவ் வழியா வந்திருக்கு"ன்னான். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டான். போட்டோவை மட்டும் காப்பாத்திக் கொடுத்தான். போகும்போது சொன்னான், "யாரோட பென்டிரைவையும் சொருக விடாதீங்க. ஆன்டிவைரஸ் அப்டேட் கேட்டா போட்டுடுங்க. தெரியாத எதையும் அழுத்தாதீங்க."

அவ்வளவுதானே, நமக்கு என்ன கஷ்டம். பென்டிரைவ் சொருகுற ஓட்டைக்கெல்லாம் பிளாஸ்திரி ஒட்டிட்டேன். ரூமுக்குப் பூட்டு போட்டேன். சாவி என் தாலிக்கொடியோட. வினோதினி வந்து ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்கணும்னுச்சு. கடையில போய் எடுத்துக்கன்னுட்டேன். அது மூஞ்சி சின்னதாப் போச்சு. அமுதா ரெண்டு நாள் பேசல. பேசாட்டிப் போறா. அவ புருஷன் தினம் வீட்டுக்கு வர்றான், அவளுக்கு என்ன தெரியும்.

அப்படியும் வந்துச்சும்மா. அதான் சொல்றேன். பூட்டு போட்டு வச்சும் வந்துச்சு. ஒரு நாள் அவரு கூப்பிடுறதுக்காக உக்காந்திருக்கேன், திரையில சிவப்பா ஒரு பெட்டி வந்து துடிக்குது. உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, சுத்தம் பண்ண இங்க அழுத்துங்கன்னு போட்டிருக்கு. நான் அந்தக் காலத்து எஸ்எஸ்எல்சி, அந்த அளவு இங்கிலீஷ் வரும். அதுவே சொல்லுது, நல்லதுக்குத்தானே சொல்லுதுன்னு அழுத்தினேன். அப்புறம் ஒண்ணு மாத்தி ஒண்ணு தொறந்துக்கிட்டே போச்சு. ஜஸ்டின் வந்து, "என்னக்கா, இதை நீங்களா அழுத்தினீங்க?"ன்னு கேட்டான். சுத்தம் பண்ணத்தான் அழுத்தினேன், வைரஸ் அதுக்கு முன்னாடியே உள்ள இருந்துச்சு, வினோதினி பென்டிரைவோடது மிச்சம் இருந்திருக்கும்னேன். அவன் சிரிச்சான்.

அமுதாகிட்ட நேராவே சொன்னேன், உன் பொண்ணு பண்ணினதுக்கு நான் அனுபவிக்கிறேன்னு. அவ திருப்பிக் கேட்டா, "ஏக்கா, அந்தப் பெட்டியில அப்படி என்னதான் இருக்கு?" என்ன இருக்குன்னு கேக்கிறா பாருங்க.

தண்ணி இருக்கா உங்ககிட்ட? ஒரு வாய் கொடுங்க. காலையிலேருந்து ஒண்ணும் குடிக்கல. நன்றிம்மா. இது எந்த ஊரு, கீரனூரா? கீரனூர் தாண்டியாச்சா. சீக்கிரமா வந்துட்டானே.

அதுக்கப்புறம்தான் பெரிய பிரச்சினை. நடுவுல கொஞ்ச நாள் அவரு கூப்பிடவே இல்ல. கம்பெனியில கணக்கெடுக்கிறாங்க, அண்ணன் ராத்திரி பகலா ஸ்டோர்லயே இருக்காருன்னு ஹாஜா மைதீன்தான் போன் பண்ணிச் சொன்னாரு. சரின்னு இருந்தேன். அப்புறம் ஒரு நாள் அவரே கூப்பிட்டாரு. குரல் கேக்குது, படம் வரல. கறுப்பா இருக்கு. என்னங்க உங்களைக் காணோம்னேன். ரெண்டு தடவை இருமினாரு. அப்புறம், "உன் கம்ப்யூட்டர்ல மறுபடியும் வைரஸ் வந்திருக்கும் திலகா, அதான் என் படம் உனக்கு வரல. உன்னை எனக்கு நல்லாத் தெரியுது. நீ உக்காரு, நான் பார்த்துக்கிட்டே பேசறேன்"னாரு.

அன்னையிலேருந்து படம் வரலம்மா.

ஜஸ்டினைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் என்னென்னமோ போட்டுப் பார்த்துட்டு, "அக்கா, பெட்டி சுத்தமா இருக்கு. வைரஸ் எதுவும் இல்ல. அந்தப் பக்கம் கேமராவை மூடியிருக்காங்க"ன்னான். அவரு எதுக்குடா மூடுறாருன்னு கேட்டேன். "தெரியலக்கா, அண்ணனைக் கேளுங்க"ன்னான். தெரியாத வேலைன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போகணும், இல்லையா. புதுக்கோட்டையிலேருந்து வேற ஒருத்தரை வரவழைச்சேன். அவரும் அதையேதான் சொன்னாரு. சொன்னதோட நிக்கல. அவங்க கடைக்குப் போன் போட்டு, அங்கேருந்து ஒரு பொண்ணைக் கூப்பிட வச்சாரு. அந்தப் பொண்ணு முகம் பளிச்சுன்னு வந்துச்சு, மூக்குத்திக் கல்லுகூடத் தெரிஞ்சுச்சு. பார்த்தீங்களாம்மா, உங்க கம்ப்யூட்டர்ல கோளாறு இல்லைன்னாரு. நான் என்ன சொன்னேன்னா, புதுக்கோட்டையிலேருந்து வர்றது வரும்ங்க, கடல் தாண்டி வர்றது மட்டும்தான் இந்த வைரஸுக்கு ஆகலன்னேன். அந்த மாதிரி வைரஸ் கிடையாதுங்கிறாரு. அவரு பார்த்ததில்ல, அவ்வளவுதான். தினம் புதுசு புதுசா வருதுன்னு பேப்பர்லயே போடுறான்.

நான் விடல. தினம் ஸ்கேன் போடுவேன். அந்தப் பச்சைக் கோடு இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரத்துக்குப் போற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். ஒண்ணும் இல்லைன்னு வரும். ஒண்ணும் இல்லைன்னா அப்புறம் ஏன் படம் வரலன்னு மறுபடியும் போடுவேன். இன்னொரு ஆன்டிவைரஸும் போட்டேன், ரெண்டு இருந்தா நல்லதுதானேன்னு. ரெண்டும் ஒண்ணையொண்ணு வைரஸ்னு சொல்லிக்கிட்டு பெட்டி நகரவே மாட்டேன்னுடுச்சு. அதுக்கும் ஜஸ்டின்தான் வந்தான்.

பேச்சுக்குக் குறை இல்லம்மா. அதையும் சொல்லிடணும். முன்னாடி சாயங்காலம்தான் கூப்பிடுவாரு. இப்பல்லாம் பதினோரு மணிக்குக் கூப்பிடுறாரு, மூணு மணிக்குக் கூப்பிடுறாரு. வேலை இல்லையான்னா, பழைய ஆளுங்கிறதால வேலையைக் குறைச்சுட்டாங்கங்கிறாரு. குரல்தான் கொஞ்சம் கரகரப்பா இருக்கு, ஏசி ஒத்துக்கல போல. பின்னாடி எப்பவும் ஏதோ வண்டி தள்ளுற சத்தம். ஸ்டோர்தானே, சாமான் வந்துக்கிட்டே இருக்கும். ஒரு மலையாளப் பொண்ணு குரல்கூட கேக்கும். "சேட்டா, மருந்து கழிச்சோ"ங்கும், மருந்து சாப்பிட்டீங்களான்னு. யாருங்கன்னேன். புதுசா வேலைக்கு வந்த பொண்ணுன்னாரு. இதை நான் அமுதாகிட்ட சொல்லப் போக, தெருவுல ரெண்டு பொம்பளைங்க வேற மாதிரி பேச ஆரம்பிச்சாங்க. திலகா புருஷன் பன்னீர் அங்க ஒரு குடும்பம் வச்சிருக்காரு, அதான் மூஞ்சியைக் காட்ட மாட்டேங்கிறாருன்னு. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. என் புடவை முந்தானை மடிப்பு சரியில்லைன்னு அங்கேருந்து சொல்ற மனுஷன் அவரு. அதைக் கேட்டு அமுதாதான் தெருவுல இறங்கிச் சண்டை போட்டா. சண்டை போட்டுட்டு உள்ள வந்து ஏன் அழுதான்னு எனக்குத் தெரியல. எனக்கே அழுகை வரல.

அப்புறம் ஹாஜா மைதீன் லீவுல வந்தாரு. மணமேல்குடியிலேருந்து அவ்வளவு தூரம் பஸ் பிடிச்சு வந்து ஒரு பை கொடுத்தாரு. டீ போட்டேன், குடிக்கல. ஆடை கட்டிப் போச்சு. அவரு எப்படி இருக்காருன்னேன். "அண்ணன் நல்லா இருக்காரு அக்கா, நல்லா இருக்காரு"ன்னு தரையைப் பார்த்துச் சொன்னாரு. படம் வர மாட்டேங்குதுங்க, அந்தப் பக்கம் கொஞ்சம் பார்த்துக்கங்கன்னேன். தலையாட்டினாரு. போகும்போது தங்கராசு வீட்டுக்குள்ள போயி ரொம்ப நேரம் இருந்தாரு.

பையில பார்த்தா அவரோட செருப்பு, ஷூ. போன லீவுல இங்கேருந்து வாங்கிட்டுப் போனது, அதிகம் போடவே இல்ல. புதுசு வாங்கியிருப்பாரு. இதைப் போய் எதுக்கு அங்கேருந்து கொடுத்தனுப்பணும். தங்கராசுக்கு அளவு சரியா இருக்கும், அவனுக்குத்தான்னு நினைச்சுக் கொண்டு போய்க் கொடுத்தேன். அவன் வாங்கிக்கல. "அண்ணி, கொஞ்சம் உக்காருங்க"ன்னான். அடுப்புல பால் வச்சிருந்தேன், பொங்கிடும்னு ஓடி வந்துட்டேன். அப்புறம் அவன் சாயங்காலம் வந்தான். எனக்கு ஸ்கேன் ஓடிக்கிட்டிருந்துச்சு. மறுநாளும் வந்தான். மாடியில துணி காயப் போட்டிருந்தேன், மழை வர்ற மாதிரி இருந்துச்சு. வீட்டு வேலை இருக்கும்லம்மா. அவனுக்கு என்ன, ஆம்பளை, வந்து உக்காருங்கன்னா உக்காந்துட முடியுமா.

நான் கேக்கணும்னது இதைத்தான். இப்பதான் வந்திருக்கு அந்த இடம்.

போன வாரம் ஒரு நாள் மத்தியானம் பேசிக்கிட்டிருக்கோம். கறுப்பாத்தான் இருக்கு, வழக்கம் போல. திடீர்னு படம் வந்துடுச்சு. யார் கையோ பட்ட மாதிரி திரை ஒரு ஆட்டம் ஆடி, வந்துடுச்சு. ஆனா அது எங்க வீட்டுக்காரரு இல்ல. யாரோ ஒரு வயசான ஆளு. முடியெல்லாம் வெள்ளை, கன்னம் ஒட்டிப் போய், கண்ணு உள்ள போய். இரும்புக் கம்பி வச்ச கட்டில்ல சாய்ஞ்சு உக்காந்திருக்காரு. போர்வை இடுப்பு வரைக்கும் இருக்கு. அதுக்குக் கீழ போர்வை… எப்படிச் சொல்றது, ஒரு பக்கம் மேடா இருக்கு, ஒரு பக்கம் அப்படியே படுத்துக் கிடக்கு. அந்த ஆளு என்னைப் பார்த்தாரு. நான் அவரைப் பார்த்தேன். எங்க வீட்டுக்காரர் குரல்ல, "திலகா"ன்னாரு.

நான் எழுந்து பிளக்கைப் பிடுங்கிட்டேன்.

வினோதினியைக் கூப்பிட்டுக் கேட்டேன், படிச்ச பொண்ணுதானே. வைரஸ் வந்தா ஆளை மாத்திக் காட்டுமாடின்னு. குரல் ஒருத்தரோடது, படம் இன்னொருத்தரோடதுன்னு கலந்துடுமான்னு. அது என்னையே பார்த்துச்சு. "பெரியம்மா"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சுடுச்சு.

நீங்க சொல்லுங்க. மாத்துமா, மாத்தாதா?

ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. சரி விடுங்க, அந்தக் கடைக்காரங்ககிட்டயே கேட்டுக்கிறேன்.

ஏன் இன்னைக்கே ஓடி வர்றேன்னா, அவரு வர்றாரு இன்னைக்கு. ஆமா, இன்னைக்குத்தான். முந்தாநேத்து தங்கராசு வாசல்லயே வழியை மறிச்சு நின்னு சொன்னான், "அண்ணன் வர்றாரு அண்ணி. நானும் அமுதாவும் கார் எடுத்துட்டு ஏர்போர்ட் போறோம், நீங்க வீட்லயே இருங்க"ன்னு. நானும் வர்றேனேன்னேன். "வேண்டாம் அண்ணி, அண்ணன்தான் வர வேண்டாம்னாரு. வீட்டுல வச்சு உங்ககிட்டப் பேசுறேன்னாரு"ன்னான். பின்பக்க சீட்டை மடக்கிப் போட்டு, உள்ள மெத்தை விரிச்சாங்க. எதுக்குன்னேன். தூரப் பயணம், அலுப்பா இருக்கும்லன்னான். போன்ல யார்கிட்டயோ பேசிட்டிருந்தான், வீல்சேருக்குச் சொல்லியாச்சுன்னு. லக்கேஜ் ஜாஸ்தி இருக்கும் போல.

விடியக்காலமே அவங்க கிளம்பிட்டாங்க. நான் வீடு கூட்டினேன். கோலம் போட்டேன். சோறு, வத்தக்குழம்பு, ரசம், எல்லாம் ஆச்சு. மறுபடியும் கூட்டினேன். கட்டிலை வாசலுக்கு நேரா இழுத்துப் போட்டேன், காத்து வரும்னு. அப்புறம் பார்த்தா செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. உக்கார முடியல. அப்பதான் இது கண்ணுல பட்டுச்சு. அவரு வந்து பார்க்கும்போது வைரஸோட இருந்தா, இதைக்கூட உன்னால சுத்தமா வச்சுக்க முடியலையான்னு கேக்க மாட்டாரா. அவரு இருந்து லீவு முடிஞ்சு திரும்பிப் போறப்ப இது சரியா இருக்கணும்ல. ஒயரெல்லாம் பிடுங்கிட்டுத் தூக்கிட்டு வந்துட்டேன். கதவைப் பூட்டினேனா இல்லையான்னுகூட இப்ப ஞாபகம் இல்ல.

என்ன, வண்டி மெதுவா போவுது. அது என்ன காம்பவுண்டு சுவரு, இவ்வளவு நீளமா. ஓ.

அதோ, பிளேன் ஒண்ணு இறங்குது பாருங்க.

அதுவா இருக்குமா? இல்ல, முன்னாடியே வந்துட்டாரா. தெரியல.

அந்த ஆளு என்னைப் பார்த்தாருன்னு சொன்னேன்ல. பார்த்துட்டு, திலகான்னு கூப்பிட்டுட்டு, போர்வையை இழுத்து மூடிக்கிட்டாரு. சின்னப் பிள்ளைங்க தப்பு பண்ணிட்டு மறைக்குமே, அப்படி. நான் பிளக்கைப் பிடுங்கிட்டேன். அவருக்கு அந்தப் பக்கம் எப்படி இருந்திருக்கும், நான் கறுப்பா ஆனது.

கண்டக்டர் சார், இங்க நிக்குமா? ஏர்போர்ட்ல நிக்கும்ல? நிறுத்தச் சொல்லுங்க, நான் இறங்கணும்.

இல்லம்மா, கடைக்கு இப்பப் போகல. நீங்க பஸ் ஸ்டாண்டுதானே போறீங்க? இதைக் கொஞ்சம் உங்க மடியில வச்சுக்கிறீங்களா. அங்க டைம் கீப்பர் ரூம்ல கொடுத்துடுங்க, அறந்தாங்கி திலகவதின்னு சொல்லி வைங்க. வந்து வாங்கிக்கிறேன். வரலைன்னாலும் ஒண்ணும் இல்ல. ஐயோ, அவ்வளவு பத்திரமெல்லாம் வேண்டாம், அதுல ஒண்ணும் இல்ல, சுத்தமாத்தான் இருக்கு. துண்டை மட்டும் எடுத்துக்கிறேன், முகம் துடைக்கணும்.

தூக்கிட்டுப் போக முடியாதும்மா. வீல்சேர் தள்ள ரெண்டு கையும் வேணும்.